அப்பாவின் ஆள்

அடைக்கலநாதன் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் இடம் பெயர்கிறவன் அடைக்கலநாதன்தான். மூத்தவன் பேதுரு பிறந்தபோது கட்டிலை விட்டுப் பாய்க்கு இறங்கினான். சிசிலியா பிறந்தபோது பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். ஸ்ரெல்லா பிறந்த பிறகு மூத்தவனும் விறாந்தைக்கு அனுப்பப்பட்டான். அவன் நித்திரையில் தகப்பனின் வயிற்றுக்கு மேலே காலைப் போட்டுக்கொண்டு கிடந்தான்.

"இன்னும் ஒண்டு வந்தால் நான் வள்ளத்திலைதான் படுக்கோணும்" என்று குருநகர்க் கரையில் வலை உதறும்போது அடைக்கலநாதன் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டும் என்றுதான் அவனும் சொல்வான். பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்காரன் என்பதில் அவனுக்கு உள்ளுக்குள் பெரிய எடுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும், பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று, தானே கடலுக்குப் போய்ப் பாற்சுறா பிடித்துக்கொண்டு வந்து மனைவி மக்டலீனின் முன்னால் போட்டவன். "என்ரை வள்ளத்திலை ஏறின ஒருத்தரையும் நான் கடலிலை விட்டிட்டு வந்ததில்லை" என்பதும் அவன் அடிக்கடி சொல்கிற கதை. அது உண்மையும்கூட.

நாலாவது பிள்ளை வந்தது தொண்ணூற்றொன்றில். அப்போது சண்டையால் ஆழக்கடல் மூடிக் கிடந்தது. எதிரே மண்டைதீவில் நேவி இருந்தது. கரையோடு ஒட்டி முழங்கால் தண்ணீரில் கிடைப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருவதுதான் தொழில். பிள்ளை பெற்று வந்தவளுக்குச் சுறாவுக்குப் பதிலாக நாலு திரளி மீனைக் கொண்டுவந்து வைத்தபோது அடைக்கலநாதனுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வேறு யோசனை இருந்தது.

வளவுக்குள் குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர் இருந்தது. அடைக்கலநாதனும் பக்கத்து வீட்டுக் கிறகோரியும் சேர்ந்து வெட்டியது. தென்னங்குற்றி பரவி, மண்மூட்டை அடுக்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டும் வைத்திருந்தார்கள். பொம்பர் விமானம் இரைந்தால் யார் யாரைத் தூக்குவது என்று மக்டலீன் ஒரு சட்டம் போட்டிருந்தாள். மடியில் கிடப்பது அம்மாவின் ஆள். நடக்கிறதுகள் அப்பாவின் ஆட்கள். அதுவரை பேதுருவும் சிசிலியாவும் அவனுடைய இரண்டு கைக்கும் இரண்டு பேர். ஸ்ரெல்லா தாயின் இடுப்பு. இப்போது அந்த இடுப்புக்கு யூஜின் வந்துவிட்டான்.

"இனி ஸ்ரெல்லா உங்கடை ஆள்" என்றாள் மக்டலீன், ஆஸ்பத்திரியால் வந்து பாயில் இருந்த உடனேயே. "அவளைத் தோளிலை தூக்குங்கோ. சிசிலியாவைக் கையிலை பிடியுங்கோ. பேதுரு முன்னாலை ஓடட்டும். ஒருக்கால் செய்து பாப்பம்."

"எனக்கு ஆள் ஏத்தப் பழக்கிறியோ?"

"விசர்க்கதை கதையாதையுங்கோ. செய்து காட்டுங்கோ."

அவளுக்காக ஒருமுறை ஓடிக் காட்டினான். ஸ்ரெல்லா அவன் தோளில் ஏறியிருந்து, தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். மூன்று வயது நிறையாத பிள்ளை. பிறகு அன்று முழுவதும் அவனுக்குப் பின்னாலேயே திரிந்தாள். "நான் அப்பாவின்ரை ஆள்" என்று கிறகோரியின் வீட்டுப் பொட்டுக்கால் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். தாயின் மடி பறிபோன பிள்ளைக்கு அது ஒரு பதவி உயர்வு மாதிரி.

ஓடமுடியாமற் போனால் என்ன செய்வது என்பதையும் மக்டலீன் எல்லாருக்கும் பழக்கியிருந்தாள். இருந்த இடத்திலேயே குப்புறப் படுக்க வேண்டும். காதுக்குள் விரல். வாய்க்குள் சட்டைத் தலைப்பு. அழக்கூடாது.

பொம்பர் வந்தது ஒரு காலைப்பொழுதில். அடைக்கலநாதன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பேதுருவும் சிசிலியாவும் அவனுக்குப் பக்கத்தில் வலைமிதவைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரெல்லா உள்ளே, தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்த அறையில் படுத்திருந்தாள். இரைச்சல் கேட்டதும் அடைக்கலநாதனின் உடம்பு யோசிக்கவில்லை. வலது கையில் பேதுரு, இடது கையில் சிசிலியா. இரண்டு கையும் நிறைந்துவிட்டது. கை நிறைந்தால் ஆட்கள் சரி என்றுதான் அந்த உடம்புக்குப் பழக்கம். ஓடினான்.

பின்னால் "அப்பா!" என்று ஒரு சத்தம் கேட்டது.

கேட்டது. அதில் சந்தேகமே இல்லை. ஸ்ரெல்லாவின் குரல். ஆனால் அந்தக் குரல் தாயின் இடுப்பிலிருந்து வருகிற குரல் என்றுதான் அவன் மூளை சொன்னது. இவ்வளவு நாளும் அப்படித்தானே வந்தது. திரும்பிப் பார்க்காமல் பங்கருக்குள் குதித்தான்.

கிறகோரியும் அவன் மனைவி பெர்னடெட்டும் தங்கள் பிள்ளைகளோடு ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். பின்னால் மக்டலீன் யூஜினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். இருட்டுக்குக் கண் பழக ஒரு கணம் எடுத்தது. பிறகு கேட்டாள்:

"ஸ்ரெல்லா?"

"உன்னோடை எண்டெல்லோ..."

"எழும்பி உங்களிட்டையெல்லோ ஓடி வந்தவள்!"

அந்த நேரம் பொம்பர் குத்தி இறங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எப்போதும் தன் தலைக்கு நேரே இறங்குவது மாதிரித்தான் இருக்கும். மக்டலீன் பிள்ளையை அவன் மடியில் திணித்தாள். தையல் போட்ட உடம்பு. மண்படியில் கையை ஊன்றி, முழங்காலால் ஊர்ந்து ஊர்ந்து ஏறினாள்.

பெர்னடெட் தன் இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணை, பிள்ளையை என்னட்டைத் தாங்கோ."

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. கிறகோரி தன் கால்களை மடக்கி வழிவிட்டான். அடைக்கலநாதன் எழும்பவில்லை. யூஜினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளை அழும்" என்றான்.

யூஜின் அழவில்லை. நல்ல நித்திரையில் இருந்தான்.

குண்டு கரைக்கு அப்பால் தண்ணீரில் விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. கூரையிலிருந்து மண் கொட்டியது. இன்னொரு குண்டு. பிறகு இரைச்சல் தேய்ந்து தூரப் போய், நாய்கள் குரைக்கத் தொடங்கின. கிறகோரிதான் முதலில் வெளியே ஓடினான். அடைக்கலநாதன் அவனுக்குப் பின்னால், பிள்ளையோடு.

முற்றத்து மூலையில் முருங்கை மரத்தடியில் மக்டலீன் குப்புறக் கிடந்தாள். அவளுக்குக் கீழே ஸ்ரெல்லா. இருவருக்கும் ஒன்றும் இல்லை. மக்டலீனின் சீலையில் இரத்தம் ஊறியிருந்தது. அது தையல் விட்ட இரத்தம். ஸ்ரெல்லா படிப்பித்தபடியே கிடந்தாள். காதுக்குள் இரண்டு விரல். வாய்க்குள் சட்டைத் தலைப்பு. அதைத் தாய் இழுத்து எடுத்தபோது, தகப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் அழேல்லை அப்பா."

மக்டலீன் அவனை ஏசியிருக்கலாம். சட்டி பானையை உடைத்திருக்கலாம். குருநகரில் புருசனை ஏசத் தெரியாத பெண்ணும் இல்லை, மக்டலீன் வாயில்லாப்பூச்சியும் இல்லை. ஒரு மீன் பழுதாய் வந்தாலே ஒழுங்கை முடக்கு வரைக்கும் கேட்க ஏசுகிறவள். அவள் ஏசவில்லை. அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். "உப்புக் காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அடைக்கலநாதன் கூனிக் குறுகிப் போனான். ஏச்சு வாங்கவும் தகுதியில்லாத ஆளாகிவிட்டேன் என்று நினைத்தான்.

கரையிலும் அப்படித்தான். ஒருவன் வழுக்கி விழுந்தாலே ஒரு மாதத்துக்கு வைத்துப் பகிடி பண்ணுகிற இடம் அது. அவனை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அவன் வந்தால் கதை கொஞ்சம் மெதுவாகி, பிறகு மீனின் பக்கமாகத் திரும்பும். வள்ளத்தில் படுக்கிற கதையை அவன் மறுபடி எடுக்கவே இல்லை. யாரையும் கடலில் விட்டுவிட்டு வராத கதையையும்.

யூஜினுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற நாள் வந்தது. ஞானத்தகப்பன் கிறகோரி. அது முன்பே பேசி வைத்தது. பிள்ளையைப் பொறுப்பெடுத்து வளர்ப்பீர்களா என்று சுவாமியார் பெற்றோரைக் கேட்ட இடத்தில் மக்டலீன் "ஓம்" என்றாள். அடைக்கலநாதன் பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தான். சுவாமியார் நிமிர்ந்து பார்த்தார். கிறகோரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவழியாக அவனிடமிருந்தும் "ஓம்" வந்தது. வேறு யாரோ சொன்னதுபோல அவன் காதுக்கே கேட்டது.

எல்லாரும் கண்டது அவன் எழும்பாமல் இருந்ததை. ஸ்ரெல்லா கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது. மக்டலீனுக்கும் தெரியாது. பலமுறை அவளிடம் சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்ப்பாள். "தண்ணி தா" என்பான்.

அதன்பிறகு பொம்பர் இரைகிறபோதெல்லாம் அடைக்கலநாதன் முதலில் பாய்வது ஸ்ரெல்லாவிடம்தான். சாப்பாட்டுக் கையோடு ஓடியிருக்கிறான், கிணற்றடியில் சவர்க்கார நுரையோடு ஓடியிருக்கிறான். ஒருநாளும் பிந்தவில்லை. ஆனால் அவன் தோளில் தூக்கினால் அவள் இப்போது தலைமயிரைப் பிடிப்பதில்லை. தோளில் இருந்தபடியே காதுக்குள் விரலை விட்டு, சட்டைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொள்வாள். ஒரு கையாலும் அவனைப் பிடிக்காமல், விறைத்த கட்டைபோல இருப்பாள். விழுந்துவிடாமல் அவன்தான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும்.

"அப்பாவைப் பிடி அம்மா" என்பான்.

அவள் தலையாட்டுவாள். பிடிக்கமாட்டாள்.

மற்ற நேரங்களில் அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. அவன் கடலால் வந்தால் ஓடிவந்து பையை வாங்குவாள். பக்கத்தில் இருந்து சாப்பிடுவாள். மீன் பெயர்களை அவனிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாக்குவாள். காலம் போகப் போக அடைக்கலநாதனுக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. சின்னப்பிள்ளைதானே, மறந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லத் தொடங்கினான்.

யூஜின் ஓடித் திரிகிற வயதில் மக்டலீன் மறுபடி பிள்ளைத்தாச்சியானாள். அவள் அதைச் சொன்னது சோற்றுக்கோப்பையைக் கழுவிக்கொண்டு, அவன் முகத்தைப் பாராமல்.

"திரும்பவும் சட்டத்தை மாத்தவேணும்" என்றாள்.

"ஓம்."

"யூஜின் உங்கடை ஆள்."

"ஓம்" என்றான். அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஸ்ரெல்லா தானா ஓடுவாள். அவள் பெரிசு" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. இல்லை என்று நினைக்கத்தான் விருப்பமாக இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் கரையிலிருந்து வந்தான். அன்று அதிசயமாக வலையில் நல்ல மீன் பட்டிருந்தது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்ற சந்தோசப் புளுகத்தில் படலையைத் திறந்து, குசினிப் பக்கத்தால் வந்தவன் அப்படியே நின்றான்.

முருங்கை மரத்தடியில் யூஜின் குப்புறப் படுத்திருந்தான். ஸ்ரெல்லா பக்கத்தில் குந்தியிருந்து அவன் கையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உந்த விரலில்லை. இந்த விரல். உள்ளுக்கு விடு. சட்டையைக் கடி. ஆ, அப்பிடித்தான்."

யூஜின் சட்டையைத் துப்பிவிட்டுத் தலையைத் தூக்கினான். "ஏன்?"

"புதுப் பிள்ளை வரப்போகுதெல்லோ. பிறகு நீ அம்மாவின்ரை ஆள் இல்லை. அப்பாவின்ரை ஆள்."

"அப்பா தூக்குவார்."

"தூக்கமாட்டார்" என்றாள் ஸ்ரெல்லா. "நீ கூப்பிட்டாலும் அவருக்குக் கேக்காது. நான் கூப்பிட்டனான்."

"அப்பா எங்கை படுக்கிறது?"

"அப்பா பங்கருக்கை. அவர் சின்னப்பிள்ளையை மடியிலை வைச்சிருக்கோணும். இல்லாட்டிப் பிள்ளை அழும். சிசிலியாக்கா சொன்னவ."

குரலில் கோபம் இல்லை. குறை சொல்கிற தொனியும் இல்லை. தம்பி தகப்பனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதுபோல, பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். பிறகு அவன் தலையை மெல்ல அமத்தி மண்ணில் வைத்தாள்.

"நீ அழாமல் கிடந்தால் காணும். அம்மா வருவா."

அடைக்கலநாதன் சத்தம் காட்டாமல் வந்த வழியே திரும்பினான். படலையைச் சாத்திவிட்டு ஒழுங்கையில் நின்றான். சந்தியால் வந்த ஒரு சைக்கிள்காரன் "என்ன அண்ணை, வீட்டுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு போனான். அடைக்கலநாதன் கண்ணைத் துடைத்தான். பிறகு பெரிதாக இருமிக்கொண்டு, அப்போதுதான் வருகிறவன் மாதிரிப் படலையை உதைத்துத் திறந்தான்.

பிள்ளைகள் இருவரும் எழும்பி மண்ணைத் தட்டினார்கள். ஸ்ரெல்லா வழக்கம்போல ஓடிவந்து பையை வாங்கி, அதன் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அம்மாடி! இது என்ன மீன் அப்பா?"

அவன் வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவனுக்கு, தன் கையால் பிடித்த மீனின் பெயர் வரவில்லை. அவள் நிமிர்ந்து, அவன் சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றாள்.