இடது முட்டியின் புஷ்

எட்டு நாளாக எங்கள் ஊரில் யாருக்கும் தின்றது செரிக்கவில்லை. லிதுவேனியாவிலிருந்து ஏழடி ஓரங்குலப் பையன் ஒருவன் எங்கள் அணிக்கு ஆடுவானா மாட்டானா என்று வாயைத் திறக்காமல் எல்லோரையும் சாகடித்துக்கொண்டிருந்தான். வென்ட்லிங் கல்லூரியின் கூடைப்பந்து அணியை விட்டால் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. மார்ச்சில் ஆட்டங்கள் முடிந்தால் நவம்பர் வரை பேசுவதற்கு இருப்பது ஒன்றே ஒன்று. அடுத்த வருடம் யார் வருகிறார்கள்?

அன்று வியாழக்கிழமை மதியம். கொரின் ஷ்னாரின் சாப்பாட்டுக் கடையில், வழக்கமான ஜன்னலோர மேஜையில், நானும் டெல்மரும் உட்கார்ந்திருந்தோம். டெல்மர் என்னோடு பள்ளியில் படித்தவன், தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தபாலுக்குப் பதிலாக வதந்தியை வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்க்கிறான்.

"எறங்கிடுச்சுடா லாயல்!" என்று கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "நேத்து சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு. அவனக் கூட்டிட்டு வர கோச் போன அதே குட்டி விமானம். வால்ல இருக்கிற நம்பர வச்சு போன்லயே தேடிப் புடிச்சிட்டேன். கூவி ஊருக்குள்ள வந்தாச்சு."

பையனின் பெயர் க்விதாஸ் ஷுல்ஸ்கிஸ். அதைச் சொல்லிப் பார்த்ததில் ஒரு தடவை டெல்மரின் பல்செட் கழன்று தட்டில் விழுந்தது. அதிலிருந்து அவனுக்குக் கூவிதான்.

"வந்தா மட்டும் ஆச்சா? கையெழுத்துப் போட வேணாமா?" கொரின் காபிக் கூஜாவோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடை அவளுடையது, யாரும் கேட்க முடியாது. "அதோட அவனுக்கு முட்டி வேற சரியில்லையாமே."

எனக்குக் காபி புரையேறியது.

"பதினேழாம் வரிசை சொல்லியிருக்காருல்ல, அப்புறம் என்ன?" என்றான் டெல்மர். "அந்த ஆளு சொன்னா சொன்னதுதான். காலேஜ் ஆபீஸுக்குள்ளயே அவருக்கு ஆள் இருக்கு. இந்த கோச் வரப்போறாருன்னு மூணு நாள் முன்னாடியே சொன்னவராச்சே."

அந்தப் பதினேழாம் வரிசை நான்தான்.

ரசிகர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பலகை ஒன்று இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் புனைபெயர். நான் அரங்கில் உட்காருவது ஒன்பதாம் வரிசையில். அந்த அளவுக்காவது எனக்கு மூளை உண்டு. கல்லூரி ஆபீஸில் எனக்கு ஒரு நாய் கூடக் கிடையாது. நான் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். நாலு வருடத்துக்கு முன்னால் வெளியூர்க் கார் ஒன்றை எங்கள் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டி வந்தவரின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். புதுக் கோச் இவர்தான் என்று அன்றே பலகையில் எழுதினேன். அவ்வளவுதான் என் மகிமை. அன்றிலிருந்து நான் தும்மினால் கூட அதற்குள் ரகசியம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அதே பலகையில் ஒரு பொய்யை எழுதினேன். க்விதாஸின் இடது முட்டி பழுது, ஏமாந்துவிடாதீர்கள் என்று.

ஏன் எழுதினேன் என்று மழுப்பப் போவதில்லை. என் மகன் நோலன் அதே அணியில் இருக்கிறான். ஆறடி ஒன்பது அங்குலம். அவன் ஆடும் இடமும் கூடைக்கு அடியில்தான். மூன்று வருடமாக வேறொருத்தனுக்குத் துண்டும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டு பெஞ்சைத் தேய்த்தான். அந்த வேறொருத்தன் இப்போது படிப்பு முடிந்து போய்விட்டான். இந்த நவம்பரில் என் பிள்ளை முதல் ஐவரில் ஒருவனாக இறங்குவான், ஒலிபெருக்கியில் எங்கள் குடும்பப் பெயரைச் சொல்வார்கள் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், கடல் தாண்டி ஒருத்தன் வருகிறான். நோலனுக்கு மிச்சமிருப்பது ஒரே வருடம். எரிந்தது எனக்கு. எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருந்தது, எழுந்தால் உட்கார வேண்டும் போலிருந்தது. மேஜைக்கு அடியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதய்யா, காபி சிந்துது," என்றாள் கொரின். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நோலனப் பத்திக் கவலையா? அவனும் நல்லாத்தான் ஆடுவான்."

அந்த 'உம்'மைக் கேட்டதும் அவள் கூஜாவைப் பிடுங்கித் தரையில் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது. முதலில் நோலன் குனிந்து நுழைந்தான். அவன் பின்னால் இன்னொருத்தன், இன்னும் அதிகமாகக் குனிந்து. உள்ளே வந்து நிமிர்ந்தபோது அவன் தலை மின்விசிறிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கல்லூரியைப் பார்க்க வரும் புதுப் பையனைச் சாப்பிட அழைத்துப் போவது அணிக்காரர்கள் வேலை. அந்த வேலையை நோலனிடம் கொடுத்திருக்கிறார்கள். தன் இடத்தைப் பிடிக்க வந்தவனுக்கு விருந்து வைக்க அவனையே அனுப்பியிருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

"யாரும் வாயத் திறக்காதீங்க," என்று கொரின் பல்லைக் கடித்தபடி சொன்னாள். "ரூல் தெரியும்ல?"

தெரியும். எங்களைப் போல அணிக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள், இன்னும் சேராத ஆட்டக்காரனிடம் எங்கள் கல்லூரிக்கு வா என்று ஒரு வார்த்தை சொன்னாலும் கல்லூரிக்குத் தண்டனை. வணக்கம் சொல்லலாம். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எட்டு நாளாக அவனைத் தவிர வேறு பேச்சில்லாத மூன்று பேரும் தட்டிலிருந்த கேக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நோலன் அவனை நேரே எங்களிடம் அழைத்து வந்தான். "இது எங்கப்பா. இது டெல்மர், இது கொரின். நம்ம டீமப் பத்தி இவங்களுக்குத் தெரியாததே கிடையாது."

அதைக் கேட்டதும் க்விதாஸின் முகம் மலர்ந்தது. உள்ளங்கையில் தீப்பெட்டி போலிருந்த கைபேசியை எடுத்தான். "அப்போ உங்களக் கேக்கலாம். இந்தப் பதினேழாம் வரிசை யாரு, தெரியுமா?"

"வணக்கம்," என்றான் டெல்மர்.

"என்னப் பத்தி எழுதியிருக்கார். டாக்டரா அவர்?"

"வணக்கம்," என்றான் டெல்மர் மறுபடியும். நெற்றியெல்லாம் வியர்வை.

க்விதாஸ் குழப்பத்தோடு நோலனைப் பார்த்தான். "எங்கம்மா படிச்சுட்டாங்க. போன்ல எங்க பாஷைக்கு மாத்தித்தான் படிக்கிறாங்க. என் இடது முட்டியில புதர் போயிடுச்சுன்னு வருது. என்ன புதர்? எப்போ போச்சு? ராத்திரி பூரா அழுதாங்க. அடிபட்டத மறைக்கிறேன்னு நெனைக்கிறாங்க. வீட்டுக்கு வந்துடுங்கறாங்க."

டெல்மருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான். நோலன் சிரிக்கவில்லை. கைபேசியை வாங்கி, நான் எழுதியதை எழுதியபடியே படித்தான். 'இடது முட்டியில் புஷ் போச்சு.'

வண்டியின் அடியில், இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க ரப்பரில் ஒரு வளையம் இருக்கும். அதுதான் புஷ்; கைபேசி அதைப் புதராக்கிவிட்டது. அது தேய்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கடகடவென்று வண்டி அழும். பக்கத்து வீட்டு நாய் நொண்டினாலும், பாதிரியார் மண்டியிட்டு எழத் திணறினாலும், நான் நோலனின் காதில் "புஷ் போச்சு" என்பேன். சின்ன வயதில் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த கேலி. பாவி, அதையே எழுதி வைத்திருக்கிறேன்.

நோலன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் கேக்கைப் பார்த்தேன்.

"இது உன் முட்டி இல்ல, க்விதாஸ்," என்றான். "எழுதினவர் ஆள் மாத்தி எழுதிட்டார். இது என் முட்டி. இடது முட்டி எனக்குத்தான் போச்சு. உங்கம்மாகிட்ட சொல்லிடு." கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடினேன். என் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இடது காலை நீட்டி வைத்திருந்தான்.

"எதுக்குடா இல்லாததச் சொன்ன?"

"இல்லாதது இல்லப்பா. ஜனவரியிலேர்ந்தே போச்சு. ஜூன்ல ஆபரேஷன். அடுத்த வருஷம் ஆட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கூடைக்கு அடியில நிக்க ஆள் வேணும், தேடுங்கன்னு கோச்கிட்ட நான்தான் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவ சொல்ல வந்தேன். ரெண்டு தடவையும் நீங்க நவம்பரப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க." நீட்டிய காலைக் கொஞ்சம் மடக்கிப் பார்த்தான். "இப்போ அதப் படிச்சப்போ, எழுதினது நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. கண்டுபுடிச்சுட்டீங்க, என்னப் பத்தித்தான் எழுதியிருக்கீங்கன்னு ஒரு செகண்ட் நெனச்சேன். அப்புறம் மேல அவன் பேரப் பாத்தேன்."

"ஜூன்லன்னா," என்றேன், "நவம்பருக்கு அஞ்சு மாசம் இருக்கேடா. அதுக்குள்ள..."

நோலன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. இரைச்சலைக் கேட்டே எந்த வண்டியில் எது போயிற்று என்று சொல்கிறவன் நான். ஜனவரியிலிருந்து என் வீட்டு மாடிப்படியில் அவன் ஏறி இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

கடைக்குள் திரும்பிப் போனேன். க்விதாஸ் ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் துருத்திக்கொண்டிருந்த பொரித்த பன்றி இறைச்சியை எங்கிருந்து கடிப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே போய் நின்றேன்.

"லாயல், ரூலு!" என்று கத்தினாள் கொரின்.

"ரூல் கெடக்கு. தம்பி, அந்தப் பதினேழாம் வரிசை நான்தான். எழுதினது பொய். உன் முட்டி நல்லாத்தான் இருக்கு. என் பையன் இடம் போயிடுமேன்னு எழுதிட்டேன். உங்கம்மாகிட்ட அப்படியே சொல்லிடு."

டெல்மரின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. நாலு வருடமாக அவன் கும்பிட்ட சாமி நான். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

க்விதாஸ் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். பெரிய விரல்களால் மெதுவாக அம்மாவுக்கு எழுதினான். அங்கே சாயங்காலமாக இருக்கும், உடனே பதில் வந்தது. படித்துவிட்டு, எங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று யோசித்தான்.

"எங்கம்மா கேக்கறாங்க. உங்க பையனுக்கு முட்டி ரொம்ப வலிக்குதா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். நோலன் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தெரியலப்பா," என்றேன். "இரு, கேட்டுட்டு வந்து சொல்றேன்."