சுயவிருப்பத்தின் பேரில்

"எழுதிக்கோ," என்றார் அனந்தராமன்.

சாப்பாட்டு மேஜை முழுக்க வண்ணத் தாள்கள், கத்தரித்த போட்டோக்கள், பசை. அபிராமபுரம் வீட்டில் தட்டு வைக்க இடமில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று மண்டப வாசலில் வைப்பதற்காக மகள் ஸஹானா பெங்களூரிலிருந்து அனுப்பிய ஸ்கிராப்புக். 'ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துல நாலு வரி, அம்மா கையால இருக்கட்டும்' என்று சொல்லியிருந்தாள். அம்மா கை என்றால் அம்மாவின் கையெழுத்து, அவ்வளவுதான் என்று இவர் எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் சொல்லச் சொல்ல ஹம்சா எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய ஸ்கூட்டர், அவருடைய புரமோஷன், கம்பெனி சேர்மன் அவருக்குச் சால்வை போர்த்திய நாள். அதற்கு 'நாங்கள் பெருமையில் திளைத்தோம்' என்று எழுத வைத்தார். அந்த நாங்களில் நானும் உண்டாக்கும் என்று நினைத்தபடியே எழுதிவைத்தாள்.

தாளைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் அடுத்த படத்தை ஒட்டினாள். தி. நகர் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புப் பெண்கள் சூழ, கையில் சாக்பீஸோடு கணக்கு டீச்சர் ஹம்சா.

"இதுக்கு என்ன எழுதணும்?"

"குடும்ப நலனை உத்தேசித்து, சுயவிருப்பத்தின் பேரில் ஹம்சா வேலையை விட்டாள்னு போடு."

பேனா நின்றது. அதே வார்த்தை! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில், இதே 'எழுதிக்கோ'. ஜூனிலிருந்து அவள் உதவித் தலைமை ஆசிரியை என்று ஆர்டர் வந்த அன்று சாயங்காலம். உனக்கு இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்? குழந்தை இளைத்துப்போகிறாள் என்றார், வெள்ளைத் தாளை நகர்த்தினார். ராஜினாமாக் கடிதத்தை அழுதுகொண்டே எழுதினாள். அப்போதும் எழுத்து கோணவில்லை. "உங்க கையெழுத்துல இருக்கே, நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார் தலைமை ஆசிரியை.

இப்போது அதே பொய்யை இருநூறு பேர் படிக்க வேண்டுமாம், அதுவும் அவள் கையெழுத்திலேயே. மாமிகள் எல்லாம் 'எப்பேர்ப்பட்ட தியாகம்' என்று உச்சுக்கொட்ட வேண்டுமாம். ஹம்சாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன யோசனை? சாஸ்திரிகள் வந்துடுவார், சீக்கிரம் ஆகட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் மொபைலைப் பார்க்கத் தொடங்கினார்.

அவள் நிதானமாக எழுதினாள். முத்து முத்தாக, நாலே வரி. பிறகு புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

'என் வகுப்பு. இந்தப் படம் எடுத்த பதினோராம் நாள் இவர் சொன்னார், நான் எழுதினேன். வேலை போயிற்று. நான் விடவில்லை.'

"என்னடி இது! நோக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நாலு பேர் பாக்கறது!"

"பாக்கட்டும்னுதான் எழுதியிருக்கேன்."

"அடிச்சுட்டு ஒழுங்கா எழுது. ஸஹானா என்ன நினைப்பா?"

"அவதான் என் கையால வேணும்னு கேட்டா. இத்தனை நாளா நீங்க சொன்னதுக்கெல்லாம் கை மட்டும் குடுத்துண்டிருந்தேனே, அது போறும்."

"அப்போ நானே கிழிச்சுடறேன்." எழுந்து தாளின் மூலையைப் பிடித்துவிட்டார்.

"தாராளமா. பின்பக்கத்தைப் பாத்துண்டு கிழியுங்கோ."

புரட்டினார். சேர்மன் சிரித்துக்கொண்டிருந்தார். கூப்பிய கைகளோடு, தோளில் சால்வையோடு, அனந்தராமன். ஹம்சா அடுத்த போட்டோவை எடுத்துப் பசை தடவலானாள். எதிரே அவர் கிழிக்கவும் இல்லை, விடவும் இல்லை. ஒரு பக்கம் சால்வையும் மறுபக்கம் சாக்பீஸுமாக, அவர் விரல்களுக்கு நடுவே அந்தத் தாள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.