நாற்பது எட்டு

யாராவது பார்த்தாலே கவியா தலையைக் குனிந்துகொள்வாள். ஸ்கூட்டியை நேராக ஓட்ட வரும். லைசென்ஸ் தேர்வில் காலை ஊன்றாமல் போட வேண்டிய எட்டு வராது. படூர் தெருவில் நாலு பேர் பார்க்கப் பழகுவதா? அண்ணன் ஜெபசிங் கணினி விளையாட்டு செய்கிறவன். தலையில் மாட்டும் வி.ஆர். கண்ணாடிக்குள் ஒரு மைதானமும் எட்டும் செய்து கொடுத்தான். முக்காலியில் உட்கார்ந்து, பூரிக்கட்டையை ஹேண்டில்பாராகப் பிடித்து ஒரு வாரம் ஓட்டினாள். ஒரு தடவைகூடக் காலை ஊன்றவில்லை. முக்காலி எங்கே சாயப் போகிறது?

திங்கட்கிழமை முட்டுக்காட்டில் வேலை. கழிமுகத்தில் நாலு இடத்தில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். லைசென்ஸ் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் தேர்வு. அன்று காலை, "கடைசியா ஒரு தடவை" என்று மாட்டியவள் நாற்பது எட்டு போட்டுவிட்டாள். கழற்றிய பிறகும் சுவர் எட்டு போட்டுக்கொண்டிருந்தது.

தேர்வு மைதானத்தில் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா?"

"ஸ்கூட்டி நின்னுகினுதான் கீது. மைதானம்தான் போய்க்கினு கீது."

"கழுத்த ஏன் கொக்கு மாதிரி நீட்டிக்கினு கீற? கண்ணாடியக் கழட்டிட்ட, தெரியுமா?"

தலையைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் இன்னும் சுற்றியது.

"சிரிக்காத. ஆடாத ஒன்னப் பாத்து கண்ண நிறுத்து. மத்ததெல்லாம் தானா நிக்கும்."

"கவியா!" இன்ஸ்பெக்டர் பூபாலன் கூப்பிட்டார்.

ஆடாத ஒன்று. வேப்பமரம் ஆடியது. பேனர் ஆடியது. தேர்வுக்கு நின்ற வரிசை மொத்தமும் ஆடியது. எட்டின் இடுப்புக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு, நட்டு வைத்த கம்பம்போல ஒரே ஆள் நின்றார். பூபாலன்.

தெரியாத ஒருவர் முகத்தை அவள் இரண்டு நொடிக்கு மேல் பார்த்ததில்லை. இப்போது அவர் மீசையில் கண்ணை ஊன்றி வண்டியை எடுத்தாள். முதல் வளைவில் மீசை முதுகுப்பக்கம் போனது. தரை சரிந்தது. கால் தானாக இறங்கப் பார்த்தது. வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினாள். மீசை வந்தது, தரை நிமிர்ந்தது, கழுத்து போன பக்கமே வண்டியும் வளைந்து வந்தது. அட!

பூபாலன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனார்.

"ஆடாதீங்க சார்!"

கத்தியது தான்தானா என்று கவியாவுக்கே சந்தேகம். மனிதர் கைக்குட்டையோடு அப்படியே விறைத்து நின்றார். இரண்டாவது வளைவில் மீசை போனது, வந்தது. எட்டு முடிந்தது. கால் தரையில் படவே இல்லை.

"பாஸ்," என்று எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார். "ஏம்மா, என் மூஞ்சில இன்னா கீது?"

"இங்க நீங்க ஒருத்தர்தான் சார் நின்னுகினு இருந்தீங்க."

பூபாலன் சுற்றும் முற்றும் பார்த்தார். வரிசையில் அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.