குறைத்துச் சாப்பிடுங்கள்

போரில் செத்த சிப்பாய்களின் நினைவு தின வாரம் என்று மல்வேர்னில் ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டறைச் சுவரில் உலக யுத்த காலத்துப் பழைய சுவரொட்டிகளின் நகல்களை ஒட்டினார்கள். ஒன்றில் ஒரு பெண் பாண் ரொட்டியை மெல்லிசாக வெட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் தகரக் கோப்பையோடு ஓர் இளம் சிப்பாய் சிரிக்கிறான். பல்லில்லாமல் மசித்த கிழங்கை விழுங்கிக்கொண்டிருக்கும் வயசாளிகளுக்கு முன்னால் இதை ஒட்ட வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ!

அங்கே இருந்த மரியரட்ணத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. மறதி நோய் வந்து மூன்று வருடம். ஞாயிறு பூசை முடித்துப் பார்க்க வந்த மகள் கிளடிசிடம் கேட்டார்.

"உதில என்ன பிள்ளை எழுதியிருக்கு?"

"குறைச்சுச் சாப்பிடுங்கோ, மிச்சம் பிடிச்சால் சண்டைக்குப் போன பிள்ளையளுக்குப் போய்ச் சேருமாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு தன்னைத் தானே எவ்வளவோ திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து மனுசன் சாப்பிடவில்லை. பாணையும் அவித்த முட்டையையும் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கேட்டால், "கீதனுக்கு" என்றார்.

கீதன் கிளடிசின் அண்ணன். பதினேழு வயதில் வன்னியில் சண்டைக்குப் போனவன். திரும்பி வரவுமில்லை, உடம்பு கிடைக்கவுமில்லை. அவனுக்காக வீட்டில் ஒருநாளும் இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்ததில்லை. மெழுகுதிரி கொளுத்தினால் நாங்களே பிள்ளையைச் சாகக் கொடுத்த மாதிரி என்று தாய் சொல்லிக்கொண்டேயிருந்து, அவளும் போய்ச் சேர்ந்தாள். வருடா வருடம் அவன் பிறந்தநாளுக்குச் சுகம் வேண்டித்தான் பூசை. பதினாறு வருடமாக 'செத்தான்' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை.

இல்லத்தில் வேலை செய்யும் துவாரகா சுவரொட்டிகளைக் கழற்றிவிட்டாள். ஒரு பிரயோசனமுமில்லை. காலையில் யார் குளிப்பாட்டியது என்பதை மறக்கிறவர் இதை மட்டும் மறக்கவில்லை. மறதிக்கும் ஓரவஞ்சனை உண்டு போலும். பத்து நாளில் நாலு கிலோ இறங்கிவிட்டது. இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று நேர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

கிளடிஸ் பொய் சொல்லிப் பார்த்தாள். "அண்ணா சாப்பிட்டிட்டானாம், அப்பா."

"ஆர் சொன்னது? நீ கண்டனியோ?"

அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணா செத்திட்டான், அப்பா. அவனுக்கு இனிச் சாப்பாடு தேவையில்லை."

மரியரட்ணம் சட்டைப் பையைத் தடவினார்.

"எப்ப?"

"கன வருசத்துக்கு முந்தி."

"அடக்கம் செய்தாச்சோ?"

"இல்லை, அப்பா."

அவருக்குக் கண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. பையிலிருந்த பாணை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கரண்டியை எடுத்துச் சூப்பைக் குடித்தார், கிழங்கைத் தின்றார். கோப்பை காலி. துவாரகா சந்தோசத்தோடு அதைக் குறித்துக்கொண்டாள். கிளடிஸ் வாஷ்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுதாள்.

ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு வந்தது. மரியரட்ணம் பாணை எடுத்துக் கவனமாகக் கடதாசியில் சுற்றினார்.

"கீதனுக்கு வை பிள்ளை. பசியோட வருவான்."

துவாரகா குனிந்து காதுக்குள் சொன்னாள். "அக்கா, மத்தியானம் சொன்னதையே சொல்லுங்கோ. அப்ப சாப்பிட்டவர்தானே."

நாளைக்குக் காலையிலும் சொல்ல வேண்டும். மத்தியானமும். பின்னேரமும். அப்பா உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நேரத்துக்கு நேரம் அண்ணனைச் சாகடிக்க வேண்டும். ஆனாலும் கிளடிஸ் தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அண்ணா..." என்று தொடங்கினாள்.

மரியரட்ணத்தின் முகம் மலர்ந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்திட்டானோ?"