கடைசி மூன்று சொல்

அந்த நாடகக் கம்பெனியில் யாருக்கும் முழு நாடகம் தெரியாது. கதாநாயகனுக்கும் தெரியாது, வில்லனுக்கும் தெரியாது. அவரவர் பேச வேண்டியதை மட்டும் எழுதிய சீட்டுக் கட்டு அவரவர் கையில் இருக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே, அதற்கு முன் எதிராளி பேசுவதில் கடைசி மூன்று சொல் மட்டும் குறித்திருக்கும். அந்த மூன்று சொல் காதில் விழுந்தால் வாயைத் திறக்க வேண்டும், விழாவிட்டால் மரம் மாதிரி நிற்க வேண்டும். முழுப் புத்தகமும் வெளியே போனால் போட்டிக் கம்பெனிக்காரன் அடுத்த வாரமே அதை மேடையேற்றிவிடுவான் என்று முதலாளிக்குப் பயம். ஆகவே முழுப் பிரதி ஒன்றே ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் இரும்புப் பெட்டியில் கிடக்கும். ஆட்டம் நடக்கும்போது மட்டும், பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் மடிக்கு வரும்.

அவளைக் கம்பெனியில் கிசுகிசு என்று கூப்பிட்டார்கள். மேடையில் வசனம் மறந்தவர்களுக்குத் திரை மறைவிலிருந்து அடி எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பதினேழு வருஷம் அதையே செய்ததில், கடையில் போய் உப்பு கேட்டால்கூட ஏதோ ரகசியம் சொல்ல வந்தவள் போலத்தான் குரல் வரும். கடைக்காரரும் குனிந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உப்பை நிறுப்பார். கொட்டகையில் உட்காரும் எண்ணூறு பேரில் ஒருவர் காதிலாவது தன் குரல் விழுந்துவிட்டதென்று தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. சீட்டுகளைப் பிரதி எடுப்பதும் அவளே. 

மேடையில் நிற்கிறவள் அவளுடைய அக்கா. மகாராணி என்றால் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அரசி வேடமே போட்டதில் அப்பா வைத்த பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. அவளை ஊருக்குத் தெரியும், ஆனால் அந்த அரசிகளை எழுதியதும் அவள்தான் என்பது தெரியாது. ஏழு நாடகங்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில், தலையில் அட்டைக் கிரீடத்தோடு, வேடம் மாற்றும் அறையின் மூலையில் குந்திக்கொண்டு பழைய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். கிரீடம் நழுவி மூக்கில் வந்து நிற்கும். இடக்கையால் தள்ளிவிட்டுக்கொண்டு எழுதிக்கொண்டே இருப்பாள். சுவரொட்டியில் மட்டும் எழுதியவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர் கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

“பொம்பளை அழறான்னா பாக்க ஜனங்க வருவாங்கம்மா. பொம்பளை யோசிச்சு எழுதியிருக்கான்னா எவன் வருவான்?” என்று முதல் நாடகத்தின்போது அவர் கேட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சரிதானே என்று அவளுக்கே தோன்றியது. அந்த வயதில் நமக்கு எதிரானதெல்லாம் சரிதானே என்றுதான் தோன்றும்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மழையில் கொட்டகை ஒழுகி ஆட்டம் நின்ற மாதங்களில்கூட யார் அடுப்பும் அணையாமல் பார்த்துக்கொண்டவர். அப்பா வேடம், மந்திரி வேடம் போடுவார். வந்து நின்றாலே மேடை நிறைந்துவிடும். ஒரே ஒரு குறை, ஞாபகம் சுத்தமாகக் கிடையாது. வசனம் நின்றதும் அவர் தலை தானாக இடப்பக்கம் சாயும். அங்கேதான் கிசுகிசுவின் முக்காலி. அவள் என்ன சொல்கிறாளோ அது அப்படியே சிங்கக் குரலில் வெளியே வரும். நடுவில் யோசனை என்று ஒன்று நடப்பதில்லை.

ஒருமுறை ராஜசபைக் காட்சியில் காற்றடித்துத் திரை ஓரமாக இருந்த விளக்கின் பக்கம் போனது. கிசுகிசு பதறிப்போய் மேடை ஆளைப் பார்த்து, “விளக்கை நகர்த்து” என்றாள். அதே நேரம் முதலாளியின் தலை சாய்ந்திருந்தது. “விளக்கை நகர்த்து!” என்று அவர் எதிரி நாட்டுத் தூதனைப் பார்த்துக் கர்ஜித்தார். தூதனுக்குத் தன் சீட்டில் அப்படி எதுவும் இல்லையே என்று உதறல் எடுத்துவிட்டது. அவனே ஓடிப்போய் விளக்கை நகர்த்தினான். கொட்டகை அதிரக் கைதட்டல். கம்பெனியில் அதைச் சொல்லிச் சொல்லி ஐந்து வருஷம் சிரித்தார்கள். முதலாளியும் சேர்ந்துதான் சிரித்தார்.

எட்டாவது நாடகத்தில் அரசி இல்லை. பெயர் ‘தையற்காரி’. பெற்ற குழந்தையை ஒரு ஜவுளி வியாபாரி வீட்டுக்குக் கொடுத்துவிட்டவள், இருபது வருஷம் கழித்து அதே பெண்ணுக்குக் கல்யாண உடை தைக்க வருகிறாள். யார் என்று சொல்லாமலே தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

ஒரு பகலில் கிசுகிசு தரையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரதி எடுத்து ஆளுக்கொரு கட்டாக நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கட்டு கைக்கு அடங்கவில்லையே என்று வழக்கமாக அலுத்துக்கொள்வாள். இந்தத் தடவை நூல் மிச்சமானது. பிரித்து எண்ணினாள். முதல் அங்கத்தில் பதினான்கு சீட்டு. இரண்டாவதில் ஆறு. கடைசி அங்கத்தில் ஒன்று. அதிலும் ஒரே ஒரு வரி.

“அக்கா, உன் சீட்டு எதையோ காணோம். கடைசி அங்கத்துல ஒரு வரிதான் இருக்கு.”

அக்கா ஜன்னலோரம் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். “எதுவும் காணாம போகல. அவ்வளவுதான் எழுதியிருக்கேன்.”

“காட்சி முழுக்க மேடையில நிக்கிற. வாயைத் திறக்காம என்ன பண்ணப் போற?”

“துணி தைக்கப் போறேன்.”

கிசுகிசு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். வெந்நீர் டம்ளர். கழுத்தைச் சுற்றி, இந்த வெயிலிலும், துணி. பழைய நாடகங்களின் ஒத்திகையில் எல்லோரும் தொண்டை கிழியப் பேசும்போது இவள் மட்டும் உதட்டை அசைத்துவிட்டுப் போவது. இரண்டு மாதமாகக் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் தன் பிழைப்பு, அதில் அக்காவின் வாயைப் பார்க்கத் தவறிவிட்டோமே என்று நினைத்தபடி அவள் நூலைக் கீழே வைத்தாள்.

“டாக்டர்கிட்ட போனியா?”

“போனேன். தொண்டையில கட்டி. வெட்டி எடுத்துட்டா உயிர் தங்கும்னு சொல்றார். குரல் தங்காது. முதல் ஆட்டம் ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரிக்குச் செவ்வாய்க்கிழமை வரேன்னு சொல்லியிருக்கேன்.”

கிசுகிசு அழுதாள். அழுகையும் அவளுக்குச் சத்தமில்லாமல்தான் வரும். அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த சீட்டுகளை அடுக்கினாள்.

“அழாதடி. எனக்கு ஒரு காரியம் ஆகணும். இந்த நாடகத்துக்கு என் பேர் போடணும். மேடையை விட்டு இறங்கின மறுநாள் என்னை யாருக்குத் தெரியும், சொல்லு? பேர் இருந்தா நான் எழுதறவ. இல்லேன்னா வெறும் ஊமை.”

மறுநாள் இருவரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். மேஜை மேல் சுவரொட்டி மை காயாமல் கிடந்தது. எழுதியவர் இடத்தில் வழக்கமான கொட்டை எழுத்து. அக்கா கட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டால் அந்த வேடம் அன்றைக்கே வேறொருத்திக்குப் போய்விடும். இதுதான் என் கடைசி நாடகம், இதிலாவது பெயர் போடுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

முதலாளி சிரித்தார். “வருஷா வருஷம் கடைசி நாடகம்னு சொல்லாத நடிகை யாரும்மா? முதல் ஆட்டம் முடியட்டும். நல்லாப் போச்சுன்னா அடுத்த வாரமே உன் பேரைப் போட்டு அடிச்சுடலாம்.”

நான்காவது நாடகத்துக்கும் இதையே சொன்னார், ஆறாவதுக்கும் இதையே. அக்கா, “சரி முதலாளி” என்று எழுந்துவிட்டாள்.

படி இறங்கும்போது கிசுகிசு பொருமினாள். “சரியா? என்னக்கா சரி? நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்க மாட்டியா?”

“சண்டை போடக் குரல் வேணும்டி. இருக்கறதை ஞாயித்துக்கிழமைக்கு வச்சிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகை நிரம்பி, ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் பத்திரிகைக்காரர் ஒருவர் தொடை மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிசுகிசுவின் மடியில் முழுப் பிரதி. ஆனால் அவள் அதைப் பார்க்கவே இல்லை. முதல் அங்கத்தில் அக்காவின் குரல் முன்போலவே கணீரென்று வந்தது. இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததை அள்ளிச் செலவு செய்கிறாள் என்று இவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது அங்கத்தில் அங்கங்கே கரகரத்தது. ஜனங்கள் அதையும் நடிப்பு என்று நினைத்து மூக்கைச் சிந்தினார்கள்.

கடைசிக் காட்சி. தையற்காரி தரையில் உட்கார்ந்து உடையின் ஓரத்தைத் தைக்கிறாள். மகள் நிற்கிறாள். வியாபாரியாக வந்த முதலாளி தூண் பக்கம் நிற்கிறார். “இவ்வளவு பொருத்தமாத் தைச்சிருக்கீங்களே, என் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மகள் கேட்கிறாள். தையற்காரி பதில் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முடிச்சுப் போட்டாள். ஓரத்தை ஒரு விரலால் நீவிவிட்டாள். எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முடிச்சைப் பார்த்தார்கள். பிறகு அந்த ஒற்றை வரி.

“நடந்து பாரும்மா.”

ஒத்திகையில் முணுமுணுத்து விட்டுவிட்ட வரி அது. இப்போது உடைந்து, பாதி காற்றாக வந்தது, ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் போனது. மகள் நடந்தாள். நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். தையற்காரி கையில் ஊசியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரை விழுந்தது.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வழக்கப்படி திரை மறுபடி ஏறியது. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முதலாளி முன்னால் வந்தார். இந்த இடத்தில் அவர் என்ன சொல்வார் என்பது கிசுகிசுவுக்குத் தலைகீழ்ப் பாடம். “இந்த நாடகத்தை எழுதியது...” என்று இழுத்து, நெஞ்சில் கை வைத்து, “அடியேன்” என்பார். ஏழு நாடகத்திலும் அவர் மறக்காத ஒரே வசனம் அதுதான்.

“மகா ஜனங்களே,” என்றார் முதலாளி. கண்ணெல்லாம் ஈரம். அந்தக் கடைசிக் காட்சி அவரையும் விட்டுவைக்கவில்லை. “இந்த நாடகத்தை எழுதியது...”

அந்த ஒற்றைச் சொல்லும் வரவில்லை. நின்றார். நின்றதும் பதினேழு வருஷப் பழக்கத்தில் அவர் தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

 புத்தகத்தில் இதற்கு வசனம் கிடையாது. இனிமேல் இப்படி ஒரு நேரமும் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்கும் இதற்கும் நடுவில் திங்கட்கிழமை ஒன்றுதான் இருக்கிறது. அவள் முக்காலியின் நுனிக்கு வந்து, எப்போதும் போல, அவர் காதுக்கு மட்டும் கேட்கும் அளவில் மூன்றே சொல் எடுத்துக் கொடுத்தாள்.

“இதோ இந்த அம்மாள்.”

“இதோ இந்த அம்மாள்!” என்று முதலாளி முழங்கினார். வலது கையும் வசனத்துக்கு ஏற்றபடி தானாக நீண்டு அக்காவைக் காட்டியது.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றார்.  பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அப்புறம் மொத்தக் கொட்டகையும் எழுந்தது. முன்வரிசையில் பத்திரிகைக்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அக்கா கையில் இருந்த ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோள் துணியில் குத்திக்கொண்டாள். மேடையில் நின்றுகொண்டு பக்கத் திரையைப் பார்க்கக் கூடாது என்பது பாலபாடம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் திரும்பிப் பக்கத் திரையைப் பார்த்தாள்.

திரை இறங்கியதும் முதலாளி முக்காலிக்கே வந்துவிட்டார். “நீ எதைச் சொன்னாலும் நான் சொல்லிடுவேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் முதலாளி. அதனாலதான் சொன்னேன்.”

அவருக்கு அதற்கு மேல் வசனம் ஓடவில்லை. எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. “நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை ஆட்டத்தில் அக்காவின் வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்து, முக்காலியிலும் வேறொரு ஆளை உட்காரவைத்துப் பார்த்தார். முதல் அங்கத்திலேயே முதலாளி நான்கு இடத்தில் மரம் மாதிரி நின்றாராம். வியாழக்கிழமை கிசுகிசு வீட்டுக்கு ஆள் வந்தது. அவன் கையில், வா என்ற சொல்லுக்குப் பதிலாக, சுருட்டிய புதுச் சுவரொட்டி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்து முழுக்கக் கட்டு. மடியில் ஒரு சிலேட்டும் பலப்பமும். இனிமேல் அவளுக்கு அதுதான் குரல். கிசுகிசு சுவரொட்டியைப் பிரித்துக் காட்டினாள். எழுதியவர் இடத்தில் கொட்டை எழுத்து. மகாராணி இல்லை, அப்பா வைத்த பெயர்.

அக்கா அந்த எழுத்துகள் மேல் விரலை ஓட்டினாள். பிறகு தங்கையின் வாயைத் தொட்டுக் காட்டினாள். படி என்கிறாள். கிசுகிசு குனிந்து, அக்காவின் காதோரம் அந்தப் பெயரைப் படித்தாள்.

அக்கா தலையை ஆட்டினாள். இப்படி இல்லை. பலப்பத்தை எடுத்து எழுதினாள்.

‘சத்தமாப் படி. கடைசி வரிசைக்குக் கேக்கணும்.’

கிசுகிசு எழுந்து நின்றாள். எப்படிக் கத்துவதென்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அக்கா மேடையேறும் முன் செய்வதைப் போலத் தோளைத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து மூச்சு வாங்கிப் படித்தாள். முதலில் அந்த மூன்று சொல் வந்தது. “இதோ இந்த அம்மாள்” என்றாள். பிறகு பெயர். வார்டு முழுக்க அது போய் மோதித் திரும்பி வந்தது. கோடிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். நர்ஸ் ஓடி வந்தாள்.

“இங்க சத்தம் போடக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும் சிஸ்டர்,” என்று சொல்லிவிட்டு, கிசுகிசு சுவரொட்டியை அவள் பக்கம் திருப்பிப் பிடித்து, அதே சத்தத்தில் இன்னொரு முறை படித்தாள்.