நாற்பத்தொரு மூச்சு

கட்டோவிட்சேயில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது என் தொழில். எங்கள் போலந்து நவீன இசையில் இது லேசுப்பட்ட வேலையில்லை. வில்லால் வாத்தியத்தின் மரத்தைச் சுரண்டு, அதன் பெட்டியைத் தட்டு என்று இசையமைப்பாளர்களே எழுதிவைப்பார்கள். எழுதிய சுரண்டலை விட்டுவிட்டு எழுதாத சுரண்டலை மட்டும் வெட்ட வேண்டும். ஒருமுறை எழுதிய தட்டல் ஒன்றை வெட்டிவிட்டேன். அந்த இசையமைப்பாளர் இன்றும் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார். அன்றிலிருந்து இசைத்தாளை மடியில் விரித்துக்கொண்டுதான் பிளேடைத் தொடுவேன்.

எங்கள் கூடத்தில் செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்த லூடோமிர் மார்ச்சில் இறந்துபோனார். மே மாதம் அவர் மனைவி ஹால்ஷ்கா கசகசா கேக்குடன் வந்து நின்றார். எங்கள் ஊர் வழக்கப்படி ஐயா என்பதற்குப் 'பான்', அம்மா என்பதற்குப் 'பானி' போட்டுத்தான் பேசிக்கொள்வோம்.

"பான் ரெமிக், அவரோட தனி செல்லோப் பதிவக் கொஞ்சம் போடுங்களேன்."

"இசைத்தட்டே வந்தாச்சே பானி ஹால்ஷ்கா, வாங்கலையா?"

"வாங்கினேன். அதுல அவர் இல்ல."

"அவரேதான். அவர விட்டா வேற யாரால அவ்வளவு கோவமா சுரண்ட முடியும்?"

லேசாகச் சிரித்தார். "வில்ல வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மூக்கால மூச்ச இழுப்பாரே. முப்பது வருஷம் அதக் கேட்டுக்கிட்டுதான் உருளைக்கிழங்கு உரிச்சேன். அவர் குரல் பதிஞ்சது வீட்ல ஒண்ணுமே இல்ல. அந்த மூச்சாவது கிடைக்குமான்னு வந்தேன். உங்க மூல நாடாவுல இருக்கும்ல?"

என் காது சூடானது. அந்த மூச்சு நாற்பத்தொரு இடத்தில் இருந்தது. தாளில் ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை. மூல நாடாவிலேயே ஒவ்வொன்றாக வெட்டி, அதே நீளத்துக்கு வெறும் நாடாவை ஒட்டினேன். துண்டுகள் குப்பைக்குப் போய் இரண்டு வருடமாயிற்று. அந்தச் சுத்தத்துக்கு எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம், சட்டத்துக்குள், ஹால்ஷ்காவின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் வெட்டினேன்," என்றேன். "தாள்ல இல்லாதத வெட்டறதுதான் எங்க வழக்கம்."

"மரத்தத் தட்டறதெல்லாம் எழுதறீங்க. மனுஷன் மூச்சு விடுவான்னு எழுத மாட்டீங்களா?"

அலமாரியிலிருந்து மூல நாடாவை எடுத்தேன்.

"சரி, போடுங்க. இருக்கறதக் கேக்கறேன்."

நாடா ஓடியது. முதல் பகுதி முடிந்து நான் ஒட்டிய மௌனம் வந்தது. ஹால்ஷ்கா மூக்கால் மூச்சை இழுத்தார். சரியாக வில் விழுந்தது. அடுத்த மௌனத்திலும் இழுத்தார். ஓரிடத்தில்கூடத் தவறவில்லை. பதினேழாவதிலோ பதினெட்டாவதிலோ மூச்சு உடைந்து அழுகையாகிவிட்டது. வில் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்த மூச்சை நான் இழுத்தேன். அசடுபோல, கொஞ்சம் முன்பாகவே.

"சீக்கிரம் இழுத்துட்டீங்க," என்றார், கண்ணைத் துடைத்தபடி. "அவர் இவ்வளவு அவசரப்பட மாட்டார்."