பல் டாக்டர் கொண்டுவந்த பறவை

பறவையைக் கண்டாலே டிராயிங் மாஸ்டருக்குக் குமட்டும். உயிரோடு பறக்கிற பறவையைச் சொல்லவில்லை. படத்தில் வானம் காலியாக இருக்கிறதே என்று இரண்டு கோடு இழுத்துப் பறக்கவிடுவார்களே, அதைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு மாடியில் அவர் நடத்தும் வகுப்பில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் ஒரு கூட்டத்தையே பறக்கவிட்டிருந்தார். மூக்குக்குக் கீழே செத்த எலியை நீட்டியது போல மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வானம் வரையத் தெரியாதவன்தான் சார் அதுல பறவையை விடுவான். கறை பட்ட சட்டையில பேட்ஜ் குத்திக்கிற மாதிரி."

வங்கிக்காரர் தன் படத்தைச் சத்தமில்லாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். மாஸ்டர் பாடத்தைத் தொடர்ந்தார். அடிவானத்தைப் படத்தின் நட்டநடுவில் போடாதீர்கள், படம் இரண்டாகப் பிளந்துவிடும். பச்சையை டியூபிலிருந்து பிதுக்கியபடியே பூசாதீர்கள். மஞ்சளும் நீலமும் கலந்து, துளி சிவப்பு விட்டு அதன் திமிரை அடக்குங்கள். முதல் பூச்சு டர்பன்டைன் விட்டு நீர்த்திருக்கட்டும், எண்ணெய் மிகுந்த பூச்சு மேலே வரட்டும். படத்தை விற்பது எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் சுருக்கமாக வரும்: வாங்குகிறவனுக்காக வரையாதே, வாங்குகிறவன் தானே வருவான்.

அப்படிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூச்சாடியும் வரையக் கற்றுக்கொடுத்துக் காலம் தள்ளியவர் அவர். விடுமுறையில் வரைந்ததெல்லாம் வறண்ட ஏரி, மொட்டைப் பாறை, மேலே படத்தின் முக்கால் பங்குக்கு வானம். ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. மனைவியின் தம்பி நடத்தும் ஃபிரேம் கடையில் அவை தூசி குடித்துக்கொண்டு கிடந்தன. திடீரென்று ஒன்று விற்றது. பிறகு இன்னொன்று. அப்புறம் வரைய வரையப் போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டர் ராஜினாமாக் கடிதத்தைத் தலைமை ஆசிரியர் மேஜையில் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஸ்வீட் பாக்ஸோடு வீடு வந்தார். தன் வெறும் வானத்தை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற நம்பிக்கையில்தான் இப்போது வீட்டில் உலை கொதிக்கிறது.

ஃபிரேம் கடைப் பக்கம் மட்டும் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. பசை நாற்றமும், சுவரெல்லாம் தொங்கும் அருவிப் படங்களும் அவருக்கு ஆகாது. படங்களை எடுத்துப்போவது மனைவியின் வேலை.

வகுப்பு முடியும் நேரத்தில் பல் டாக்டர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் போர்வை சுற்றிய படம். ஃபிரேம் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம். படத்தின் பின்னால் மாஸ்டரின் முகவரி இருந்ததால் நேரே இங்கே வந்துவிட்டாராம்.

"சார், பறவை விழுந்துடுச்சு" என்றார்.

என்ன பறவை, எங்கே விழுந்தது என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. டாக்டர் போர்வையை விலக்கினார். மாஸ்டரின் மொட்டைப் பாறை. மாஸ்டரின் வானம். அந்த வானத்தில் கன்னங்கரேலென்று ஒரு பறவை. அதன் பக்கத்தில் ஒரு இறக்கையின் நுனி மட்டும். டாக்டர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை உறையை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். ஆறிய புண்ணிலிருந்து உரிந்த பொருக்கு போல, மிச்சப் பறவை வந்து விழுந்தது.

வங்கிக்காரர் தன் படத்தை மெல்ல நேராகத் திருப்பி வைத்தார்.

கிளினிக் துடைக்கிற அம்மா ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தாளாம், கையோடு வந்துவிட்டதாம். டாக்டர் கோபப்படவில்லை. அவருக்கு வேண்டியது பறவை. "நாற்காலிக்கு எதிர்ல மாட்டியிருக்கேன் சார். அதோ பார் பறவைன்னு சொன்னாத்தான் பசங்க வாயைத் திறக்கிறாங்க. நாளைக்குள்ள ஒட்டிக் குடுத்துடுங்க. முடியாதுன்னா படத்தை நீங்களே வச்சுக்குங்க. வெறும் வானத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தன் வானம் பிள்ளைகளின் சொத்தைப் பல்லைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது என்று கேட்டதும் மாஸ்டர் படத்தை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பொருக்கை எடுத்து வளைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் போல வளைந்தது. அக்ரிலிக். ஆயில் பெயிண்ட் மேல் தண்ணீர்ச் சாயமான அக்ரிலிக்கைப் பூசினால் ஒட்டாது, தோலாக உரியும். முதல் நாள் வகுப்புக்கு வருகிறவனுக்கே தெரிய வேண்டிய விஷயம்.

படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தபோது மச்சினன் கையில் மெல்லிய பிரஷ் இருந்தது. எதிரே, போன வாரம் மாஸ்டர் முடித்த வறண்ட ஏரி. அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, தலைமுடி காயவைக்கும் டிரையரைப் படத்தின் வானத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பிக்குக் கடையைப் பெருக்கிக் கொடுக்கப் போகிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்லிவிட்டு வருகிறவள்.

டிரையர் நின்றது.

"எத்தனை படத்துலடா?" என்றார் மாஸ்டர்.

"எல்லாத்துலயும்தான் மாமா."

மச்சினன் மறைக்கவில்லை. கடை வாசலில் நின்ற யாரோ, ஒரு பறவையாவது இருந்தால் எடுத்துக்கொள்வேன் என்றார்களாம். விளையாட்டாக இரண்டு கோடு இழுத்தானாம், அன்றைக்கே போய்விட்டதாம். அக்காவிடம் சொன்னதற்கு, அடுத்ததிலும் ஒன்று போடு, அவரிடம் மூச்சுவிடாதே என்றாளாம். இரண்டு மூன்று போனதும் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார்களாம்.

"அதுக்குள்ள நீங்க வேலையை விட்டுட்டு ஸ்வீட் பாக்ஸோட வந்து நின்னீங்க மாமா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

மாஸ்டர் ஒரு துணியை நனைத்தார். ஏரியின் மேல் இருந்த பறவைகளை ஒரே வழிப்பாக வழித்தார். அரைகுறையாகக் காய்ந்த கறுப்பு, சளி போலத் துணியில் அப்பிக்கொண்டது. அவருடைய வானம் மறுபடி வெறும் வானமாக நின்றது. யாரும் தடுக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பறவை இல்லாம ஒண்ணுகூடப் போகலையா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். "ஒண்ணு போச்சுங்க" என்றாள் அவள். மாஸ்டர் நிமிர்ந்தார். "ஃபிரேம் பிடிச்சிருந்ததாம். படத்தைக் கழட்டிட்டு முகம் பார்க்கிற கண்ணாடி போட்டுத் தரச் சொன்னாங்க."

அந்தப் படம் எங்கே என்று அவர் கேட்டிருக்கக் கூடாது. மச்சினன் மூலையைக் காட்டினான். பசை டப்பாக்களுக்கு அடியில், வட்ட வட்டமாகக் கறை பிடித்து, ஒரு மாலை நேரத்து வானம் கிடந்தது.

"எனக்கு உங்க வானம் வெறுமையா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றாள் மனைவி. "ஆனா நான் காசு குடுத்து வாங்க முடியாதே."

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவருடைய நாற்காலியில் இப்போது தலைமை ஆசிரியரின் தங்கை மகன் உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் போக வழி இல்லை. ஊரின் மேல், டாக்டரின் மேல், வாயைத் திறக்கிற பிள்ளைகளின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்வீட் பாக்ஸ் வாங்கிய தன் கையின் மேல் அருவருப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மச்சினன் அதற்குள் டாக்டரின் படத்தை நிறுத்தி, அதே கறுப்பு டியூபைத் திறந்தான்.

"அதைக் கீழே வைடா" என்றார் மாஸ்டர். "இன்னொரு தடவை உரியவா?"

"ஆயில்ல போட்டா காய நாளாகும் மாமா. நாளைக்கே கேக்கிறாரே."

"மெல்லிசாப் போட்டு, சீக்கிரம் காய்ற எண்ணெய் ரெண்டு சொட்டு விடு. ஈரம்னு சொல்லிக் குடு. வாயைத் திறக்கிற பசங்க யாரும் தொட மாட்டாங்க. அப்புறம் இது என்ன கறுப்பு? தார் ஊத்தின மாதிரி. தூரத்துல போறது வானத்தோட சாம்பல்லதானே தெரியும்? ரெண்டும் ஒரே சைஸ் வேற. தள்ளு."

மிச்சமிருந்த பறவையையும் சுரண்டி எறிந்தார். பிரஷை வாங்கினார். பாறைக்குப் பூசிய அதே சாம்பலில் துளி நீலம் சேர்த்து, மூச்சைப் பிடித்து இரண்டு தொடுகை. காற்றில் சற்றே சாய்ந்து இரண்டு பறவைகள் போயின. பாறை இன்னும் உயரமாகத் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வாயில் கசந்தது.

"மாமா, இது என்னுதைவிட எங்கேயோ போயிடுச்சு" என்றான் மச்சினன், உண்மையான மரியாதையோடு.

"வாயை மூடு. அந்த ஏரியை எடு."

ஏரியிலும் பறவைகள் ஏறின. மனைவி டிரையரின் வயரைச் சுற்றிவைத்தாள். மச்சினன் படத்தை இந்தப் பக்கம் சாய்த்தும் அந்தப் பக்கம் சாய்த்தும் பார்த்தான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, அப்படியே கீழே ஒரு சின்னப் படகு இருந்தா..."

"வறண்ட ஏரிடா அது."

"தண்ணி விட்டுட்டாப் போச்சு."

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். காறித் துப்பப் போகிறார் என்று மனைவி நினைத்தாள். அவர் பிரஷைத் துணியில் துடைத்தார்.

"நீலத்தை எடு" என்றார். "டியூப்ல இருக்கிறபடியே அப்பிடாதே. கொஞ்சம் மண் கலந்துக்கோ."